555 புத்தகத்தில் எழுதிய இங்கிலீஷ்

மலேசியாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இங்கிலீஷ் இல்லாமல் ஒருநாளும் பொழுது விடிந்ததில்லை. விடிகாலை இருட்டில் அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போவார்கள். வேலைக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டு, 'பரேட்' என்ற சொல். நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயம், 'லைன்'. தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிட்டுக் குறித்துக்கொண்ட புத்தகம் செக்ரோல். காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்தவர் டிரெசர். இன்றைக்கு எந்தப் பக்கம் வேலை என்று கேட்டால், "ரெண்டாம் டிவிசன்" என்பார் அம்மா. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் பாட்டியின் வாயில்கூட இந்தச் சொற்கள் தமிழாகவே புழங்கின.

எல்லாமே வேலைக்காக மேலேயிருந்து இறங்கி வந்த சொற்கள். தோட்ட நிர்வாகியான துரையிடமிருந்து கிராணிக்கு, கிராணியிடமிருந்து கங்காணிக்கு, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு. இவற்றை வைத்துக்கொண்டு யாரையும் கேலி செய்ய முடியாது. கோபித்துக்கொண்டவரைச் சமாதானப்படுத்த முடியாது. 'போதும் விடு, உன் கதையை நான் நம்பமாட்டேன்' என்று சொல்ல முடியாது. இங்கிலீஷ் பேசுகிறவர்களும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள், பொய் சொல்லி மாட்டிக்கொள்வார்கள், அசடு வழிவார்கள் என்பதே தொலைக்காட்சியில் சிரிப்பு நாடகங்கள் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேசுகிற இங்கிலீஷை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நாடகங்கள்தான். எப்படி என்று ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

ஊர், ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் மாவட்டத்து ரெங்கம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இறங்கும் ரயில் பாதையில், குளுவாங்கைத் தாண்டி வருகிற சின்ன டவுன். சுற்றிலும் தோட்டங்கள். எங்கள் தோட்டம் அப்போதுதான் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்துக்கு முழுநாள் மின்சாரம் கிடையாது. தோட்டத்து லைட் இஞ்சின் பொழுது சாய்ந்ததும் உறுமத் தொடங்கும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். தொலைக்காட்சிப் பெட்டி லாரி ஓட்டுகிற மாமா வீட்டில் இருந்தது. அத்தை கோபிக்காத நாட்களில் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வீட்டுச் சிமெண்டுத் தரையில்தான் கிடப்போம். ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும் அரைமணி நேர இங்கிலீஷ் நாடகம் பத்து மணிக்கு முடிய வேண்டும். இஞ்சின்காரர் கடிகாரமும் தொலைக்காட்சிக் கடிகாரமும் ஒத்துப்போனதே இல்லை. நாயகன் கதவைத் திறப்பான், மனைவி இடுப்பில் கைவைத்து நிற்பாள், அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்துவிடும்.

தம்பியும் நானும் இருட்டில் வீட்டுக்கு நடந்து வரும்போது, அவன் என்ன சொல்லியிருப்பான் என்று பேசிக்கொண்டே வருவோம். முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்போம். "லாரி பஞ்சராயிருச்சுன்னு சொல்லியிருப்பான்." "இல்லக்கா, நீ இன்னும் தூங்கலையான்னு கேட்டிருப்பான்." பிறகு அதையே எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில். யாரும் திருத்தவில்லை, யாரும் மதிப்பெண் போடவில்லை. நான் வாய்திறந்து பேசிய முதல் இங்கிலீஷ் அந்த மண்ரோட்டில், அணைந்துபோன தொலைக்காட்சிக்குப் பதிலாக நாங்களே சொல்லிக்கொண்ட கடைசி வசனங்கள்தான். பள்ளியில் அதுவரை நாங்கள் பேனா, பென்சில், மேசை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மலேசியத் தொலைக்காட்சியில் இங்கிலீஷ் நிகழ்ச்சி என்றால் கீழே மலாயில் வசனம் ஓடும். காதில் இங்கிலீஷ், கண்ணில் மலாய், மண்டைக்குள் தமிழ். இந்த மூன்று கால் முக்காலியை நான் ரொம்ப உயர்வாக நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மலாய் வசனத்தை எழுதியவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. அவர்களுக்குத் திரையில் இருப்பது இரண்டு வரி இடம், இரண்டு மூன்று விநாடி நேரம். அதனால் கருத்தை மட்டும் தூக்கி வைத்தார்கள். திரையில் ஒருவர் 'ஹேங் ஆன்' என்பார். அகராதியில் பார்த்தால் தொங்கு. கீழே 'செகெஜாப்' என்று ஓடும். ஓ, கொஞ்சம் பொறு என்கிறார்! 'யூ மஸ்ட் பி ஜோக்கிங்' என்றால் 'பியார் பெத்துல்'. நம் ஊரில் "நெசமாவா சொல்ற?" என்று இழுப்போமே, அதேதான். 'கம் ஆஃப் இட்' என்றால் 'மானா போலே', அதெப்படி முடியும் என்று. வா என்ற சொல்லும் இல்லை, போ என்ற சொல்லும் இல்லை. இங்கிலீஷில் சின்னச் சின்னச் சொற்கள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு நின்றால் அது புதுச்சொல், பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் தெரியாத அந்த மலாய் மொழிபெயர்ப்பாளர்.

இதையெல்லாம் எழுதிவைக்க ஒரு புத்தகம் வேண்டுமே. மலேசியாவில் மளிகைக்கடைக் கடன் எழுதும் குட்டிப் புத்தகத்துக்கு 555 என்று பெயர். சட்டைப் பையில் அடங்கும். எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அரிசி, நெத்திலி, மண்ணெண்ணெய், சீனி என்று மாதம் முழுக்க எழுதி, சம்பளத்தன்று கடனைக் கட்டிக் கோடு அடிப்பார்கள். அம்மா கணக்கு முடித்த ஒரு புத்தகத்தின் பின்பக்க வெற்றுத் தாள்களை நான் வாங்கிக்கொண்டேன். முன்பக்கம் நெத்திலி, பின்பக்கம் 'ஹேங் ஆன்'.

எதை எழுதுவது என்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்த நாடகங்களில் பின்னால் கூட்டம் சிரிக்கும் சத்தம் வரும். சிலவற்றில் நேரில் உட்கார்ந்து பார்த்தவர்களின் சிரிப்பு. சிலவற்றில் பதிவு செய்து ஒட்டியது. சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் 1950-களில் இதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். ஒட்டுச் சிரிப்பைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது வாத்தியார். கூட்டம் சிரிக்கிறது, எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அந்த இடத்தில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்த வரியைத்தான் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். நானும் சேர்ந்து சிரித்த இடங்களை எழுத வேண்டியதே இல்லை. சிரித்தாயிற்று, புரிந்தாயிற்று. நகைச்சுவையில் இது ஒரு பெரிய வசதி. சோகக் காட்சியில் சொல் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்து அழுதுவிடலாம், புரியவில்லை என்பதே தெரியாமல் போகும். சிரிப்புக் காட்சியில் அப்படி நழுவ முடியாது. (மிஸ்டர் பீன் இதில் சேராது. எங்களை அதிகம் சிரிக்கவைத்தவர் அவர்தான். ஆனால் அவர் பேசுவதே அபூர்வம் என்பதால் புத்தகத்தில் அவர் பேரில் ஒரு வரிகூட ஏறவில்லை.)

பொருள் கண்டுபிடிக்க முடியாதவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வெற்றிடம் விடுவேன். 'ஃபேர் இனஃப்' என்பது அப்படி ஒன்று. 'ஃபேர்' என்றால் நியாயம், வெள்ளை நிறம், சந்தை. 'இனஃப்' என்றால் போதும். மலாய் வசனம் ஒருமுறை வெறுமனே 'பாய்க்லா', அதாவது சரி என்று சொல்லிப் போய்விட்டது. வெறும் சரி என்றால் 'ஓகே' என்றிருக்கலாமே? அந்த ஆள் சொன்ன விதத்தில் சரிக்கு மேலே கொஞ்சம் ஏதோ இருந்தது. கோடு போட்டு விட்டுவிட்டேன்.

அப்பா கதையைச் சொல்ல வேண்டும். அவர் இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து மண்டபத்தில் எல்லோருமாகக் கூடிப் பார்த்த நாடகம் 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்'. லண்டனில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாலைநேர வகுப்பு. ஆசிரியர் ஜெரமி பிரவுனாக நடித்தவர் பேரி எவன்ஸ். 1977 முதல் 1979 வரை பிரிட்டனில் ஓடியது. வகுப்பில் ரஞ்சித் சிங் என்று ஒரு பஞ்சாபிக்காரர், வாயைத் திறந்தால் 'எ தௌசண்ட் அபாலஜீஸ்' என்பார். ஆயிரம் மன்னிப்பு! அப்பாவுக்குத் தெரிந்த மிக நீளமான இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். சம்பளத்தன்று நேரங்கழித்து வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே இரண்டு கையையும் கூப்பி அம்மாவிடம் அதைச் சொல்வார். அம்மா சிரித்துவிட்டால் சோறு உண்டு.

வளர்ந்த பிறகு அந்த நாடகத்தைத் திரும்பப் பார்த்தபோது மனசு சங்கடப்பட்டது. ஆசியாக்காரர் என்றால் கும்பிட்டுக் குழைவார், பாடம் நடக்கும்போது வகுப்பில் படிக்கும் ஜமீலா ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருப்பார் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு அச்சு. அதைத் தயாரித்த நிறுவனத்தில் மேற்பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், இப்படி இனங்களை அச்சில் வார்ப்பது புண்படுத்துகிறது என்றுதான் அதை நிறுத்தினார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் ரஞ்சித் சிங்கின் அந்த ஒரு வரியில் பாடம் இருக்கிறது. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லாத வாக்கியம், ஆனால் லண்டன் தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சொல் சரியாக இருப்பது வேறு, பேச்சு சரியாக இருப்பது வேறு. எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி அழகான கையெழுத்தில் துரைக்கு எழுதிய கடிதங்களும் அப்படித்தான். பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன் என்று தொடங்கும் அந்த இங்கிலீஷ் காகிதத்தில் கம்பீரமாக நிற்கும். அதைக்கொண்டு ரயில் நிலையத்தில் ஒரு காப்பி கேட்க முடியாது.

மின்சார வாரியக் கம்பி லயத்துக்கு வந்த பிறகு எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி வந்தது. தெற்கு ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு தனி வசதி: ஏரியலை உயரமாகத் தூக்கி நிறுத்தினால் சிங்கப்பூர் ஒளிபரப்பு கிடைக்கும். காற்று அடித்தால் தம்பி வெளியே போய்க் கம்பத்தைத் திருப்புவான், நான் உள்ளேயிருந்து "இப்பத் தெளிவு, விடு விடு" என்று கத்துவேன். அப்படித்தான் புவா சூ காங் எங்கள் வீட்டுக்குள் வந்தார். 1997-இல் தொடங்கிய சிங்கப்பூர் நாடகம். குர்மித் சிங் நடித்த அந்த வீடு கட்டும் கான்டிராக்டர், சுருட்டை முடி, கன்னத்தில் மச்சம், மஞ்சள் பூட்ஸ் சகிதம் வந்து, சிங்கப்பூரிலும் ஜேபியிலும் தானே சிறந்தவன், பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமிலும் சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்பார். ஜேபி என்றால் ஜொகூர் பாரு! எங்கள் மாநிலத் தலைநகரின் பேர் இங்கிலீஷ் நாடகத்தில்!

அவருடைய 'டோன்ட் பிளே பிளே'யை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலாயில் 'ஜாங்ஙான் மாயின் மாயின்', நம் பேச்சில் "என்கிட்ட வெளையாடாத". அதே ஆளை 1999-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் தோங் தம் தேசிய தினப் பேரணி உரையிலேயே குறிப்பிட்டார். புவா சூ காங்கை இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்தால் என்ன என்று ஒளிபரப்பு நிறுவனத்திடம் கேட்டதாகவும், அவர் சேர ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார். அடுத்த ஆண்டே நல்ல இங்கிலீஷ் பேசும் இயக்கமும் அங்கே தொடங்கியது. பிரதமர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. உலகத்தோடு வியாபாரம் செய்கிற ஊர் அது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கான்டிராக்டர் கொடுத்தது துணிச்சல். தப்பும் தவறுமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு மனிதர் இங்கிலீஷ் பேசுகிறார், எதிரே இருப்பவருக்குப் புரிகிறது, கதை நடக்கிறது! 1998-இல் நம் நாட்டில் 'கோப்பித்தியாம்' வந்தபோது இன்னும் நெருக்கமானது. நம்மவரான மனோ மணியம், அங்கிள் சானாக அந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஊர்க்கதை பேசினார்.

துணிச்சலை அங்கே எடுத்துக்கொண்டேன். வாக்கியத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது. இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது ரெங்கம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விசிடி விற்றார்கள். திருட்டுப் பதிப்புதான், மறைப்பதற்கில்லை. அதில்தான் 'ஃப்ரெண்ட்ஸ்' பார்த்தேன். 1994-இலிருந்து 2004 வரை பத்துப் பருவங்களாக ஓடியது. விளம்பரத்தைக் கழித்தால் ஒரு பகுதி 22 நிமிடம் அளவில் வரும், ஒரு விசிடியில் மூன்று பகுதி அடங்கும். முதல் தடவை மலாய் வசனத்தோடு பார்ப்போம். இரண்டாம் தடவை திரையின் அடிப்பாகத்தில் பழைய காலண்டர் தாளை நீளமாகக் கிழித்து ஒட்டிவிட்டு, காதை மட்டும் நம்பிப் பார்ப்போம். மூன்றாம் தடவை நிறுத்தி நிறுத்தி, நான் ஒரு வசனம், தம்பி ஒரு வசனம்.

அதில் சாண்ட்லர் என்ற பாத்திரம் பேசும்போது, யாரும் அழுத்தாத 'பி' என்ற சின்னச் சொல்லைப் போய் அழுத்துவார். கூட்டம் சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள்? வாரக்கணக்கில் யோசித்து ஒருநாள் பிடிபட்டது. இங்கிலீஷில் எந்தச் சொல்லைத் தூக்கிச் சொல்கிறோம் என்பதிலேயே பாதிப் பொருள் இருக்கிறது. நமக்கு அதற்கு -தான் இருக்கிறது, -ஏ இருக்கிறது. 'ஐ டோல்ட் யூ' என்ற மூன்றே சொல். 'ஐ'யைத் தூக்கினால் "நான்தான் சொன்னேன்". 'யூ'வைத் தூக்கினால் "உன்கிட்டத்தான் சொன்னேன்". 'டோல்ட்'டைத் தூக்கினால் "அப்பவே சொன்னேனே". நாம் எழுத்தில் ஒட்டுவதை அவர்கள் குரலில் ஒட்டுகிறார்கள். இது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. காகிதத்தில் குரல் இல்லையே. அன்றிலிருந்து வசனத்தை எழுதும்போது தூக்கிச் சொன்ன இடத்துக்குக் கீழே கோடு போட்டேன்.

'உட் யூ மைண்ட்' என்ற கேள்வியும் அப்படித்தான் அவிழ்ந்தது. உட்காரலாமா என்று அதை வைத்துக் கேட்டால் 'நோ' என்று பதில் சொல்லிவிட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏன் இடம் கொடுக்கிறார்? பஸ்ஸில் அம்மா பக்கத்துச் சீட்டுக்காரரிடம் "இப்படி உக்காந்துக்கறேன், ஒங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையே?" என்று கேட்பார். அவர் "இல்ல, இல்ல" என்று நகர்ந்துகொள்வார். அதே 'இல்ல'தான் இது.

பள்ளி முடித்து முதல் வேலை பாசிர் கூடாங்கில், கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு சிறிய அலுவலகத்தில். எழுத்துத் தேர்வில் என்னைவிட நல்ல புள்ளி வாங்கியவர்கள் அங்கே இருந்தார்கள். தொலைபேசி அடித்தால் அவர்கள் கழிவறைக்குப் போய்விடுவார்கள். நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயம் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் முகம் இல்லை, மலாய் வசனம் இல்லை, எங்கே சிரிக்க வேண்டும் என்று காட்டுகிற கூட்டமும் இல்லை. என் முதல் வாரத்தில் ஓர் ஆஸ்திரேலியக்காரர் பேசிக்கொண்டே இருந்தவர், 'பேர் வித் மி' என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிட்டார். காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. 'பேர்' என்றால் கரடி என்றுதான் பள்ளியில் படித்திருந்தோம். ஆனால் அந்த வரி என் 555-இல் இருந்தது: யாரோ ஒரு கடைக்காரர் பெட்டி பெட்டியாகத் துழாவிக்கொண்டே சொன்னது, கீழே 'சாபார் யா', கொஞ்சம் பொறுங்கள் என்று ஓடியது. "நோ வொரீஸ்" என்றேன். அவர் கொள்கலன் எண்ணைத் தேடி எடுத்துச் சொன்னார். அன்றைக்கு நான் பேசிய இங்கிலீஷ் மொத்தமே இருபது சொல் இருக்கும். வேலை நிலைத்தது.

இப்போது அம்மா எங்களோடு கூலாயில் இருக்கிறார். தம்பி வார இறுதியில் வருவான். தொலைக்காட்சியில் எந்த மொழி வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கீழே ஓடும் வசனத்தை ஒரு பொத்தானில் மறைக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ் பேச வரவில்லை என்று என்னிடம் வருகிறாள். நான் அவளுக்குச் சொல்வது ஒன்றுதான்: ஒரே நாடகத்தை எடுத்துக்கொள், பத்து நாடகம் வேண்டாம். அதே ஆட்களின் குரல் காதில் ஊறட்டும். கூட்டம் சிரித்து நீ சிரிக்காத இடத்தில் நிறுத்து. அவளுக்கும் ஒரு 555 வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கடையில் இன்னும் கிடைக்கிறது.

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு வீட்டில் முறுக்குச் சண்டை. அம்மாவுக்குக் கையால் பிழிய வேண்டும், தம்பி கடையில் வாங்கலாம் என்கிறான்.

"கடை முறுக்கு வாய்க்கு வைக்க முடியாதுடா."

"ம்மா, ஒனக்கு முட்டி வலி. ரெண்டு நாள் அடுப்பு முன்னால நிக்கணும். திங்கிறது யாரு? நாங்க மூணு பேரு. மிச்சத்தப் பொங்கல் வரைக்கும் டின்னுல வச்சிருப்ப."

அம்மா ஒன்றும் பேசவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டார். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. பிறகு, தோற்றுப்போன குரலும் இல்லாமல், சந்தோஷமான குரலும் இல்லாமல், தலையை லேசாகச் சாய்த்து,

"சரி, அதுவும் நாயந்தான்" என்றார்.

நான் எழுந்து அறைக்குப் போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் பழைய 555-ஐ எடுத்து வந்தேன். நெத்திலி, மண்ணெண்ணெய், சீனியைத் தாண்டிப் பின்பக்கம். 'ஃபேர் இனஃப்', பக்கத்தில் ஒரு கோடு, வெற்றிடம். அங்கே எழுதினேன்.

"என்னம்மா எழுதுற?" என்றார் அம்மா.

"பழைய பாக்கி ஒண்ணும்மா."

"எந்தக் கடையில?" என்று கேட்டார்.